காணாமல் போகும் கார்ட்டூன் பைலட்டுகளும் தருமபுரி வீட்டுப் பரண்களும்

1959-இல் அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனம் சுமார் ஒன்றரை நிமிடம் ஓடும் ஒரு கார்ட்டூனை எடுத்தது. கற்காலத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவை. பெயர் 'தி ஃப்ளாக்ஸ்டோன்ஸ்'. பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக அது எடுக்கப்படவில்லை. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் போட்டுக் காட்டி, இப்படி ஒரு தொடர் எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்பதற்காக எடுத்தார்கள். இப்படி எடுக்கும் மாதிரிப் படத்துக்குத்தான் பைலட் என்று பெயர். வியாபாரம் படிந்தது. அப்போது செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த 'ஹை அண்ட் லோயிஸ்' என்ற சித்திரக்கதைக் குடும்பத்தின் பெயர் ஃப்ளாக்ஸ்டன் என்பதால், தொடரின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. 1960 செப்டம்பர் 30 அன்று 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற பெயரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 166 எபிசோடுகள் ஓடியது. கேபிள் இணைப்பு வந்த பிறகு, கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக நம் ஊர்ப் பிள்ளைகளும் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். ஆனால் அத்தனைக்கும் தொடக்கமாக இருந்த அந்த ஒன்றரை நிமிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1990-களில்தான் கண்டெடுக்கப்பட்டு, 1994-இல் ஒளிபரப்பானது.

உலகமே அறிந்த ஒரு தொடரின் பைலட்டுக்கே இந்த நிலை. யாரும் வாங்காத, தொடராக மாறாத பைலட்டுகள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அவற்றைத் தேடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கும் இந்தத் தேடலில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்ல, ஒரு பைலட் எப்படி உருவாகி எப்படித் தொலைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கற்பனைப் பைலட்டை எடுத்துக்கொள்வோம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை. தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட நம் தருமபுரியின் கதை, தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடராக எடுக்க 2007-இல் ஒரு சிறிய ஸ்டுடியோ முடிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

2007 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-இல் 'பாண்டவாஸ்' என்ற முழுநீள முப்பரிமாணப் படத்தை எடுத்துக் காட்டியிருந்தது. திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனம் எடுத்த தெனாலிராமன் தொடர் 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்திருந்தது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதால், அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்த பிள்ளைகளின் வீட்டுக்குள்ளும் பெட்டி வந்திருந்தது. 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்றே தமிழில் சுட்டி டிவி தொடங்கியது. வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்களுக்குச் சொந்தக் கதை எடுக்கும் ஆசை வருவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு அந்த ஸ்டுடியோக்கள் தொலைவில் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்தான். வேலைக்கென்று பெங்களூருக்குப் போவது இந்த இரண்டு மாவட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக நடப்பது. வரையத் தெரிந்த பிள்ளைகள் அங்கோ சென்னைக்கோ போய், அனிமேஷன் படித்து, ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வரும் இடைப்படங்கள் வரைபவர்களாகவும் வண்ணம் பூசுபவர்களாகவும் சேர்ந்தார்கள்.

நம் கற்பனைப் பைலட்டுக்கு வருவோம். 11 நிமிடம் ஓடும் ஓர் எபிசோடு. இந்தியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள். ஆகவே மொத்தம் 16,500 படங்கள். ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு படங்களுக்கு நிறுத்திச் சிக்கனமாக எடுத்தாலும் 8,250 வரைபடங்கள் வேண்டும். அதற்கு முன்னால் கதை வேண்டும். பாத்திரங்களை எல்லாக் கோணத்திலும் வரைந்து காட்டும் மாதிரித் தாள்கள் வேண்டும். காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு வேண்டும். அந்தக் கட்டங்களைத் தற்காலிகக் குரலோடு கோத்து, கால அளவு பார்க்கும் அனிமேட்டிக் வேண்டும். தற்காலிகக் குரலை ஸ்டுடியோவில் இருப்பவர்களே பேசிவிடுவார்கள். ஔவையின் குரலைக் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் பேசியிருக்கக்கூடும். பிறகுதான் அசைவு, வண்ணம், பின்னணி ஓவியம், இசை, ஒலிச்சேர்க்கை. பல மாதம், பல பேர் கை. செலவு பெரும்பாலும் ஸ்டுடியோவின் சொந்தக் காசு.

முடிந்ததும் ஒரு மாஸ்டர் டேப் தயாராகிறது. சேனல்காரர்களுக்குக் கொடுப்பதற்குச் சில டிவிடிகள். ஒரு குளிர்பதன அறையில் ஆறேழு பேர் அதைப் பார்க்கிறார்கள். 'நன்றாக இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம்' என்கிறார்கள். சொல்லி அனுப்புவதில்லை.

அந்த அறையோடு பைலட்டின் பொதுவாழ்க்கை முடிந்துவிடுகிறது. பார்வையாளர்கள் ஆறேழு பேர் மட்டுமே என்பதுதான் அது தொலைவதற்கான முதல் காரணம். ஒளிபரப்பான நிகழ்ச்சியை யாராவது ஒருவர் வீட்டில் பதிவு செய்திருப்பார். நினைவில் வைத்திருப்பவர்களாவது ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒளிபரப்பாகாத பைலட்டைத் தேட வேண்டும் என்ற எண்ணம்கூட யாருக்கும் வராது, ஏனெனில் அது இருந்ததே யாருக்கும் தெரியாது.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. நம் நாட்டில் ஒரு புத்தகம் வெளியானால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பிரதிகள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போய்ச்சேர வேண்டும். தருமபுரியில் ஒருவர் அச்சிட்ட கவிதைத் தொகுப்புக்கும் இந்த விதி பொருந்தும். தொலைக்காட்சிக்காக எடுக்கப்படும் படத்துக்கு இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. திரையரங்கில் ஓடும் படமாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும், அந்த வகையில் பெயரும் நீளமும் ஒரு பதிவேட்டில் ஏறும். பைலட்டுக்கு அந்தப் பதிவேடும் இல்லை. காப்புரிமைச் சட்டமோ திரைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கிறது. வெளியாகவே இல்லாத ஒன்றுக்கு அந்தக் கணக்கு எப்போது தொடங்குவது? ஸ்டுடியோ மூடப்பட்டுவிட்டால் யாரிடம் அனுமதி கேட்பது? கதை எழுதியவரா, பணம் போட்டவரா, பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு பின்வாங்கிய சேனலா? விடை தெரியாததால், பிரதி வைத்திருப்பவரும் வெளியே சொல்ல அஞ்சுகிறார்.

ஸ்டுடியோ மூடப்படுவது எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதற்கு டோரேமான் சான்று. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழிலேயே பேசக் கேட்கும் டோரேமான் தொடரின் மரபு 1979 ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1973 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிப்பான் தொலைக்காட்சியில் வேறொரு டோரேமான் தொடர் 26 வாரம் ஓடியது. அது பைலட் அன்று, முழுத் தொடர். தயாரித்த நிறுவனம் கலைக்கப்பட்டது. படச்சுருள்களும் வரைபடங்களும் சிதறின. உலகப் புகழ்பெற்ற ஒரு பாத்திரத்தின் முதல் தொலைக்காட்சித் தொடரில் இன்று பொதுப் பார்வைக்குக் கிடைப்பவை மிகச் சில துண்டுகளே. அந்தத் துண்டுகளும், தொடரில் பணியாற்றிய ஒருவர் தன்னிடம் எஞ்சியதைப் பத்திரமாக வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. ஒளிபரப்பான தொடருக்கே ஒரு தனிமனிதரின் அலமாரிதான் கதி என்றால், நம் சிறிய ஸ்டுடியோக்களின் பைலட்டுகளுக்கு வேறு என்ன இருக்க முடியும்?

மூன்றாவது காரணம் பொருளின் விலை. ஒளிநாடா விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது உலகெங்கும் வழக்கம். பிபிசி தன்னுடைய 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய எபிசோடுகளை அப்படித்தான் இழந்தது. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகள் பிறகு கைகொடுத்தன; 2013-இல் நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்த படச்சுருள்களிலிருந்து ஒன்பது எபிசோடுகள் மீண்டன. கணினி வந்த பிறகு டேப்பின் இடத்தில் சர்வர். வெளிநாட்டு வேலை ஒன்று வந்து இடம் போதாமல் போனால், விலைபோகாத பைலட்டின் கோப்புகள்தாம் முதலில் அழிக்கப்படும். முடிந்த படம் ஒரு டிவிடியில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அழிக்கிறார்கள். அந்த டிவிடி யாரிடம் இருக்கிறது என்பது இரண்டு ஆண்டில் மறந்துபோகிறது.

தமிழர்களுக்கு இந்த வலி புதிதில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வதம்' நம்மிடம் இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் இழப்பு உண்டு: தகடூர் யாத்திரை. பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து அதியமானின் தகடூரை முற்றுகையிட்டு வீழ்த்திய போரைப் பாடிய நூல். நம் ஊரைப் பற்றிய அந்த முழு நூல் கிடைக்கவில்லை. ஆனாலும் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் நம் கையில் இருக்கின்றன. எப்படி வந்தன? பிற்காலத்தில் புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர், பல நூல்களிலிருந்து நல்ல பாடல்களைப் பொருள்வாரியாக எடுத்து அடுக்கினார். தகடூர் யாத்திரையைக் காப்பாற்றுவது அவர் நோக்கமாக இருந்திருக்காது. படிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று பொறுக்கி வைத்தார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் மேற்கோளுக்காகச் சிலவற்றை எடுத்தாண்டார். மூலம் போய்விட்டது, வேறு காரணத்துக்காக எடுத்து வைத்த பகுதிகள் நின்றுவிட்டன.

காணாமல் போன பைலட்டைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பது என் எண்ணம். அனிமேஷன் துறையில் வேலை தேடும் ஒவ்வொருவரும் ஷோரீல் ஒன்று வைத்திருப்பார். தான் செய்த காட்சிகளில் சிறந்தவற்றை வெட்டி ஒட்டிய இரண்டு மூன்று நிமிடத் தொகுப்பு. அடுத்த ஸ்டுடியோவில் வேலை கேட்கும்போது அதைத்தான் போட்டுக் காட்டுவார். நம் கற்பனை அதியமான் பைலட்டில் குதிரை ஓடும் காட்சியை ஒருவர் சிறப்பாகச் செய்திருந்தால், பைலட் அழிந்த பிறகும் அந்தப் பத்து நொடி அவருடைய ஷோரீலில் இருக்கும். பின்னணி ஓவியம் வரைந்தவரிடம் மலையும் கோட்டையும் தனித்தனிப் படமாக இருக்கும். ஒலிப்பதிவு செய்தவரிடம் பாடல் மட்டும் இருக்கும். இசையமைத்தவர் அதே மெட்டை வேறொரு விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருப்பார். எல்லாம் சிதறல்தான், ஆனால் சேர்த்தால் உருவம் தெரியும்.

அதனால்தான் தேடலை நிறுவனங்களிடமிருந்து தொடங்குவதைவிட வேலை செய்தவர்களிடமிருந்து தொடங்கச் சொல்கிறேன். அவர்களில் பலர் இப்போது அந்தத் துறையிலேயே இல்லை. 2008-இல் வந்த உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு சிறிய ஸ்டுடியோக்களுக்கு வெளிநாட்டு வேலை குறைந்தபோது, ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பு, கல்யாண வீடியோ எடிட்டிங், பள்ளியில் ஓவிய ஆசிரியர், அப்பாவின் மாந்தோப்பு. பரணில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் சிடிக்கள், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், பென்சில் வரைபடங்கள். அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு தொடரின் ஒரே எச்சமாக இருக்கலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வெளியே கசிந்ததால் பிழைத்த பைலட்டுகளும் உண்டு. 'அட்வென்ச்சர் டைம்' என்ற கார்ட்டூனின் பைலட் 2007-இல் வந்தது. அமெரிக்கக் குழந்தைகள் சேனலான நிக்கலோடியன் அதைத் தொடராக எடுக்க மறுத்தது. ஆனால் பைலட் இணையத்தில் பரவி, பார்த்தவர்கள் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் வாங்கி, 2010-இல் தொடராகவே வந்துவிட்டது. பூட்டி வைத்திருந்தால் அதுவும் ஒரு பெட்டியில் கிடந்திருக்கும். இதைச் சொல்வதால், கையில் இருப்பதை நாளைக்கே இணையத்தில் ஏற்றுங்கள் என்று சொல்லவில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும். மற்றவர்களின் உழைப்பும் உரிமையும் அதில் கலந்திருக்கும். பிரதி எடுத்துப் பாதுகாப்பதும் ஊருக்குக் காட்டுவதும் வேறு வேறு செயல்கள். முதலாவதை உடனே செய்யலாம். இரண்டாவதற்கு உரியவர்களைக் கண்டுபிடித்துக் கேட்கலாம், அவசரமில்லை.

பார்த்தவர்களின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்பதும் முக்கியம். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் மனத்தில் மாறிக்கொண்டே இருக்கும். இணையத்தில் 'கிளாக்மேன்' என்ற பெயரில் பல ஆண்டுகள் தேடப்பட்ட ஒரு குறும்படம், அமெரிக்கக் குழந்தைகள் சேனலில் சிறுவயதில் பார்த்து அஞ்சியவரின் நினைவு ஒன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. 2017-இல் கிடைத்தபோது அது 1976-இல் எடுக்கப்பட்ட செக்கோஸ்லோவாக்கியக் குறும்படம் என்று தெரிந்தது. நினைவு பொய்யில்லை, துல்லியமும் இல்லை. டப்பிங்கில் பார்த்ததைத் தமிழ்நாட்டிலேயே எடுத்ததாக நினைப்பவர்கள் இருப்பார்கள். ஆகவே, 'நான் பார்த்தேன்' என்பவரிடம் எந்த ஆண்டு, எந்த ஊர், வீட்டில் எந்தப் பெட்டி, கேபிளா டிஷ்ஷா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. வேண்டுமென்றே போலிக் காட்சிகள் தயாரித்து, கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவர்களும் இருப்பதால் தாள் ஆதாரத்துக்கு மதிப்பு அதிகம். ஸ்டுடியோ முத்திரையிட்ட ஒரு ஸ்டோரிபோர்டு பக்கம் நூறு பேச்சுக்குச் சமம்.

பெட்டியைத் திறக்கப்போகிறவர்களுக்குச் சில செய்திகள். நம் பக்கம் கோடையில் ஓட்டுக்கூரைக்கும் தகரக்கூரைக்கும் அடியில் இருக்கும் பரண் அடுப்பாகவே கொதிக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும். இந்த மாற்றம்தான் காந்த நாடாவுக்கு எமன். நாடாவில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். வெள்ளைப் பூஞ்சை படரும். அந்த நிலையில் இருக்கும் கேசட்டை ஆசையில் பிளேயரில் போட்டு ஓட்டினால் நாடாவும் உரியும், பிளேயரின் ஹெட்டும் கெடும். முதலில் பரணிலிருந்து இறக்கி, நிழலான, உலர்ந்த அறையில் நிறுத்தி வையுங்கள். ஸ்டுடியோக்களும் சேனல்களும் பயன்படுத்திய பீட்டாகேம் டேப்பை வீட்டு விஎச்எஸ் பிளேயரில் ஓட்ட முடியாது. அதற்குரிய கருவி பெரிய நகரங்களில்தான் கிடைக்கும். கையடக்க வீடியோ கேமராக்களில் போடும் சிறிய மினிடிவி (MiniDV) கேசட்டாக இருந்தால் நம் ஊரில் கல்யாண வீடியோ எடுத்தவர்களிடமே கேமரா இருக்கக்கூடும். கேமராவிலிருந்து காட்சியைக் கணினிக்கு மாற்ற, ஃபயர்வயர் என்ற இணைப்புள்ள பழைய கணினியும் வேண்டும். அதையும் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

எழுதக்கூடிய டிவிடிகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். அதிலிருக்கும் வீடியோவை மட்டும் எடுக்காமல், வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுப்பது சிறந்தது. மெனுவும் தலைப்புப் படமும் தேதியும் அப்போதுதான் கிடைக்கும். 2007 வாக்கில் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில் பட்டையான பழைய ஐடிஇ இணைப்பு இருக்கலாம். அதை யுஎஸ்பியில் மாட்டும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. மாட்டியதும் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் உள்ளே இருக்கும் தட்டே கீறிவிடும். ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த கோப்புகள் 2020 டிசம்பர் 31-உடன் செத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அன்று நின்றது ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவுதான். வெளியீட்டுக் கோப்புகளை ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இன்றும் ஓட்டும். மூலக் கோப்புகளை அடோபி அனிமேட் திறக்கும். முப்பரிமாண வேலையாக இருந்தால் ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் பயனில்லை. தோலின் நிறம், துணியின் மடிப்பு எல்லாம் வேறு ஃபோல்டர்களில் இருக்கும். ஃபோல்டரை அப்படியே, பெயர் மாற்றாமல், முழுதாக நகலெடுக்க வேண்டும். ஒரு நகல் போதாது. இன்னொன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை அரைகுறையானதுதான், ஏனெனில் நம் நாட்டில் இதற்கென்றே ஒரு நிறுவனம் அமையவில்லை. புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தனியார் தரும் படச்சுருள்களை ஏற்று வந்திருக்கிறது. ஒளிபரப்பாகாத தொலைக்காட்சி அனிமேஷனையும் ஏற்பார்களா என்று எழுதிக் கேட்க வேண்டும். மாநில அளவில் இப்படி ஒரு சேகரிப்பு வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. நடுகற்களைத் தேடி எடுத்துத் தருமபுரி அருங்காட்சியகத்தில் வைத்த மாவட்டம் இது. குழந்தைகளுக்காக வரைந்த படங்களைத் தேடி வைக்கவும் நம்மால் முடியும்.

அதுவரை வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பைலட்டின் முடிவில் பணியாற்றியவர்களின் பெயர்கள் முழுதாக வருவது அரிது. தொடர் ஒப்பந்தமானால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். எனவே பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு தாளை வையுங்கள். ஆண்டு, ஸ்டுடியோ இருந்த தெரு, எந்தச் சேனலுக்குக் காட்டப்பட்டது, எத்தனை நிமிடம், எந்தக் காட்சியை யார் வரைந்தார், குரல் யார், இசை யார் என்று தெரிந்தவரை எழுதுங்கள். உடன் வேலை செய்தவர்களின் தொலைபேசி எண் இன்னும் இருந்தால் அவர்களையும் அழைத்து, அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.